பதிவேட்டில் வராத பிள்ளை: யாழ்ப்பாணக் குடாநாடும் தடுப்பூசியும்

இலங்கையில் வீடு வீடாகச் சென்று தாய் சேய் நலம் பற்றிக் கேட்டறியும் தேசிய குடித்தொகை, சுகாதார ஆய்வு 1987, 1993, 2000, 2006–07 ஆகிய ஆண்டுகளில் நடந்தது. நான்கிலும் வட மாகாணம் இல்லை. நாட்டின் 25 மாவட்டங்களையும் ஒருசேர உள்ளடக்கிய ஆய்வு 2016இல்தான் கைகூடியது. குடிசன மதிப்பீடும் அப்படியே. 1981க்குப் பிறகு யாழ்ப்பாண மாவட்டத்தில் ஆட்களை முழுமையாக எண்ணியது 2012இல். இலங்கையில் போலியோ ஒழிந்ததும், பிறந்த சிசுக்களைக் கொன்ற ஏற்புவலி அருகியதும், சின்னமுத்து ஒடுங்கத் தொடங்கியதும் இந்த இடைவெளிக்குள்தான். தேசம் பெருமையோடு எடுத்துச் சொல்லும் அந்தப் புள்ளிவிவரங்களுக்கு வெளியே குடாநாட்டில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்துவிட்டது.

இலங்கையின் தடுப்பூசித் திட்டத்தைப் பாராட்டுவோர் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்ற எண்ணைச் சொல்வார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் எந்த விழுக்காடும் இரண்டு எண்களால் ஆனது. ஊசி பெற்ற பிள்ளைகள் எத்தனை என்பது ஒன்று. ஊரில் மொத்தம் எத்தனை பிள்ளைகள் என்பது மற்றொன்று. இரண்டாவது எண் தெரியாதபோது முதலாவதுக்குப் பொருள் குறைந்துவிடும். குடாநாட்டின் தடுப்பூசி வரலாற்றை இந்தக் கண்ணோடு பார்த்தால் ஓர் உண்மை துலங்கும். இங்கே நாம் அதிகம் அஞ்சவேண்டியது ஊசியை மறுக்கும் பெற்றோரை அல்ல. எவருடைய பதிவேட்டிலும் இடம்பெறாமல் போகும் பிள்ளையை நினைத்துத்தான் அஞ்சவேண்டும்.

அம்மைப்பாலும் தமிழில் வந்த மருத்துவமும்

பெரியம்மையைத் தடுக்க ஜென்னர் கண்ட அம்மைப்பால் 1802 ஜூனில் பம்பாயை அடைந்தது. குளிர்பதனம் இல்லாத காலம் அது. ஒரு பிள்ளையின் கையில் எழுந்த கொப்புளத்திலிருந்து எடுத்து அடுத்த பிள்ளையின் கையில் கீறி வைத்து, ஆளுக்கு ஆள் மாற்றித்தான் அந்த மருந்தை உயிரோடு கொண்டுவந்தார்கள். அதே ஆண்டிலேயே அது இலங்கையின் கரையோரப் பகுதிகளுக்கும் வந்து சேர்ந்தது. ஆளுநர் பிரெடெரிக் நோர்த்தின் காலத்தில் மருத்துவத் துறைக்குப் பொறுப்பாயிருந்த தோமஸ் கிறிஸ்டி அதை முன்னெடுத்தார். பெரியம்மை இலங்கையில் விளைத்த அழிவைப் பற்றி 1811இல் நூலும் எழுதினார். 1886இல் அம்மைப்பால் குத்துவதைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. தொற்றுத்தடைக்காப்புக்கும் நோய்த் தடுப்புக்குமான 1897ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அதற்குப் பின் வந்தது. கொவிட் காலத்திலும் அரசு கையில் எடுத்தது அந்தப் பழைய சட்டத்தைத்தான்.

சட்டம் மட்டும் மக்களை ஊசியிடம் அழைத்து வரவில்லை. குடாநாட்டில் அம்மை நோய் அம்மாளின் வருகையாகவே கொள்ளப்பட்டது. வாசலில் வேப்பிலை கட்டி, வெளியார் வராமல் பார்த்து, நோயாளியைத் தனியே கிடத்தி, குளிர்ச்சியான உணவு கொடுத்த அந்த வழக்கத்தில் தொற்றைக் கட்டுப்படுத்தும் அறிவும் சேர்ந்தே இருந்தது. புதிய மருத்துவம் அந்த அறிவோடு உறவு கொள்ள வேண்டியிருந்தது. அமெரிக்க மிஷன் மருத்துவரான ஜோன் ஸ்கடர் 1820இல் பண்டத்தரிப்பில் பணியைத் தொடங்கினார். 1847இல் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவமனையும் மருத்துவக் கல்வியும் அமைத்தார். அவர் ஒரு படி மேலே சென்று, மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ‘அங்காதிபாதம்’, ‘இரணவைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்கள் அவருடைய முயற்சியில் தமிழுக்கு வந்தன. நோயின் காரணத்தைத் தன் மொழியில் விளங்கிக்கொண்ட மருத்துவர் ஊருக்குள் போய்ப் பேசும்போது கேட்போருக்கும் அது விளங்கும். குடாநாட்டில் நவீன மருத்துவத்தின்மீது வேரூன்றிய மதிப்புக்கு அந்தத் தமிழ்வழிக் கல்வியும் ஒரு காரணம்.

ஊசிக்குப் பின்னால் ஒரு பதிவேடு

இன்றைய அமைப்பின் அடித்தளம் 1926இல் களுத்துறையில் தொடங்கிய முதலாவது சுகாதார அலகு. ஒரு குறிப்பிட்ட நிலப்பரப்பு, அதற்குப் பொறுப்பான சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் குடும்பநல உத்தியோகத்தர்களும் என்ற முறை பின்னர் நாடெங்கும் பரவியது. ஊரார் மருத்துவமாது என்று சொல்லும் குடும்பநல உத்தியோகத்தர்தான் இந்த அமைப்பின் உயிர்நாடி. ஏறத்தாழ மூவாயிரம் பேருக்கு ஒருவர் என்பது நியமம். திருமணமான பெண் எந்த வீட்டில் இருக்கிறார், எவர் கர்ப்பமாயிருக்கிறார், எந்தப் பிள்ளைக்கு எப்போது ஊசி என்பதெல்லாம் அவருடைய பதிவேட்டில் இருக்கும். பிள்ளை கிளினிக்குக்கு வராவிட்டால் அவர் வீட்டுப் படலையைத் தேடி வருவார்.

விரிவாக்கப்பட்ட நோய்த்தடுப்புத் திட்டம் 1978இல் தொடங்கியபோது இந்த அமைப்பு ஏற்கெனவே தயாராயிருந்தது. அதற்கு முன்பே பி.சி.ஜி. ஊசி 1949இலும், தொண்டைக் கரப்பன், குக்கல், ஏற்புவலி மூன்றுக்குமான முத்தடுப்பு ஊசி 1961இலும், போலியோத் துளிகள் 1962இலும், கர்ப்பிணிகளுக்கான ஏற்பு ஊசி 1969இலும் வந்துவிட்டன. சின்னமுத்துத் தடுப்பூசி 1984இல் சேர்ந்தது. இன்று குடாநாட்டில் பிறக்கும் பிள்ளை வைத்தியசாலையிலிருந்து வீடு போகுமுன் பி.சி.ஜி. பெறுகிறது. இரண்டு, நான்கு, ஆறாம் மாதங்களில் ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசியும் போலியோத் துளிகளும். ஒன்பதாம் மாதத்தில் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான ஊசி. ஒரு வயதில் யப்பானிய மூளையழற்சிக்கான ஊசி. ஒன்றரை வயதிலும் மூன்று வயதிலும் பாடசாலை செல்லும் வயதிலும் அடுத்தடுத்த ஊசிகள். எல்லாம் இலவசம். கொழும்பிலும் நெடுந்தீவிலும் அட்டவணை ஒன்றே. நெடுந்தீவுப் பிள்ளைக்கான மருந்து குறிகாட்டுவானிலிருந்து படகில், பனிக்கட்டி வைத்த பெட்டியில், 2 முதல் 8 பாகை செல்சியஸ் வெப்பநிலைக்குள் பயணம் செய்யவேண்டும் என்பதுதான் வேறுபாடு.

ஊர் இடம்பெயர்ந்தபோது

1990 ஜூனில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையில் போர் மீண்டும் மூண்டதும் குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றுபோனது. எரிபொருளும் மருந்துப் பொருட்களும் கடுமையான கட்டுப்பாடுகளுக்குள் வந்தன. தரைவழி அடைபட, செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழுவின் பாதுகாப்பில் வந்த கப்பல்களே பெரும் துணையாயின. வெப்பம் கூடினால் வீரியம் இழக்கும் தடுப்பு மருந்துக்கு மின்சாரமில்லாத ஊரில் மண்ணெண்ணெயில் இயங்கும் குளிர்சாதனப் பெட்டியும் பனிக்கட்டியும்தான் கதி. அந்த மண்ணெண்ணெயும் எளிதில் கிடைக்காத பண்டமாயிருந்தது. இவ்வளவுக்கும் நடுவே சுகாதார ஊழியர்கள் கடமையில் இருந்தார்கள். நிர்வாகம் யார் கையில் இருந்தாலும் அவர்களுக்கான சம்பளத்தைக் கொழும்பு அரசு தொடர்ந்து கொடுத்தது. நாட்டின் இரு பகுதிகளையும் இணைத்திருந்த சில இழைகளில் சுகாதார சேவையும் ஒன்று.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. சில இலட்சம் மக்கள் செம்மணியையும் நாவற்குழியையும் கடந்து தென்மராட்சிக்குப் போனார்கள். பலர் அங்கிருந்து வன்னிக்கும் போனார்கள். 1996இல் ஒரு பகுதியினர் திரும்பினார்கள். 2000இல் தென்மராட்சியே இடம்பெயர்ந்தது. பொதுச் சுகாதாரத்தின் பக்கமிருந்து பார்த்தால் ஒவ்வொரு இடப்பெயர்வும் ஒரு பதிவேட்டின் சிதைவு. உடுவிலில் இரண்டு ஊசி பெற்ற பிள்ளைக்கு மூன்றாவது ஊசி கொடிகாமத்தில் கிடைத்ததா என்று சொல்ல, அந்தப் பிள்ளையின் பெயர் யாரிடமாவது இருக்கவேண்டும். தாய் மூட்டைக்குள் பத்திரமாகக் கொண்டுபோன கிளினிக் அட்டைதான் பல இடங்களில் ஒரே ஆவணம். முகாம்களில் நெருக்கமாக மக்கள் வாழும்போது முதலில் பரவக்கூடிய கொடிய நோய் சின்னமுத்து. அதனால்தான் இடர்க்காலங்களில் ஆறு மாதக் குழந்தை முதலே அதற்கான ஊசியைப் போடவேண்டும் என்பது சர்வதேச நெறி.

அதே 1995இல்தான் போலியோவை ஒழிப்பதற்கான தேசிய நோய்த்தடுப்பு நாட்கள் இலங்கையில் தொடங்கின. ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்பு பெற்றிருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே நாளில் துளிகள் கொடுப்பது திட்டம். யுனிசெப்பின் முயற்சியில் அரசும் விடுதலைப் புலிகளும் அந்த நாட்களில் தாக்குதலை நிறுத்த இணங்கினார்கள். எல் சல்வடோரில் 1985இல் இப்படியொரு முன்னுதாரணம் இருந்தது. போலியோத் துளிக்கு ஊசி தேவையில்லை. பயிற்சி பெற்ற தொண்டர் ஒருவரே வாயில் இரண்டு துளி விடலாம். அதைவிட முக்கியமானது வேறொன்று: அந்த நாளுக்குப் பதிவேடு தேவையில்லை. பெயர் தெரியாத பிள்ளை, அட்டை தொலைத்த பிள்ளை, நேற்று வந்து சேர்ந்த பிள்ளை எல்லோரும் கணக்கில் வந்தார்கள். இலங்கையின் கடைசிப் போலியோ நோயாளி 1993இல் இனங்காணப்பட்டார். அதன்பின் போரின் மிகக் கொடிய ஆண்டுகளிலும் அந்த நோய் திரும்பவில்லை. 2014 மார்ச் 27இல் தென்கிழக்காசியப் பிராந்தியமே போலியோ அற்றதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. போரிட்ட இரு தரப்பும் ஒன்றுபட்டுச் செய்த மிகச் சில நற்செயல்களில் இது ஒன்று என்பதை நாம் மறக்கக்கூடாது.

2009இல் வன்னியிலிருந்து வந்த மக்களை வவுனியா மெனிக் பாம் முகாம்களில் அடைத்தபோது கொப்புளிப்பானும் செங்கமாரியும் பெருமளவில் பரவின. இவற்றுக்கு உலகில் தடுப்பூசி உண்டு. இலங்கையின் இலவச அட்டவணையில் இல்லை. அட்டவணையில் இருந்த நோய்கள் அடங்கியிருக்க, இல்லாதவை பரவின. முகாம் வாழ்வின் நெரிசலையும் அழுக்குத் தண்ணீரையும் எந்த ஊசியும் முழுமையாக ஈடுசெய்யாது என்பதும் அங்கே தெளிவாயிற்று.

சின்னமுத்து கற்பித்தவை

சின்னமுத்து கண்ட ஒருவர், தடுப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் 12 முதல் 18 பேருக்குத் தொற்றைக் கொடுக்க வல்லவர். அதனால் நூற்றுக்கு 95 பேரேனும் தடுப்பாற்றல் பெற்றிருந்தால்தான் நோய் பரவ வழியின்றி அடங்கும். இந்தக் கூட்டுத் தடுப்பாற்றல் யாழ்ப்பாணத்துப் பங்குக் கிணறு போன்றது. தண்ணீர் எல்லோருக்கும் உரியது. கிணறு இறைத்துத் துப்புரவாக்கும் வேலையும் எல்லோருக்கும் உரியது. ஊசி போட முடியாத கைக்குழந்தையும் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவரும் மற்றவர்கள் செய்த வேலையின் பலனில்தான் உயிர் காக்கிறார்கள்.

ஒன்பதாம் மாதத்தில் போடும் ஒரு ஊசி நூறில் ஏறத்தாழ 85 பிள்ளைகளுக்கே பலன் தரும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் இன்னும் குழந்தையின் இரத்தத்தில் இருப்பது அதற்குக் காரணம். ஒரு வயதுக்குப் பிறகு போட்டால் பலன் 95 வரை உயரும். ஆனால் இடைப்பட்ட மாதங்களில் குழந்தை பாதுகாப்பின்றி இருக்கும். 1999–2000இல் ஏற்பட்ட பெரும் பரவலுக்குப் பிறகு 2001இல் இரண்டாவது ஊசி சேர்க்கப்பட்டது. 2011இல் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான ஊசி வந்தபோது முதல் ஊசி ஒரு வயதுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. 2013இல் நாட்டில் 2,000க்கும் மேற்பட்டோருக்குச் சின்னமுத்து கண்டது. அவர்களில் ஒரு வயது நிரம்பாத குழந்தைகள் பலர். இளம் வயதினரும் பலர். 2015இல் முதல் ஊசி மீண்டும் ஒன்பதாம் மாதத்துக்கு வந்தது. ஒரு கொள்கை தவறென்று நோய்க் கணக்கே காட்டியபோது அதைத் திருத்திக்கொள்ளும் நேர்மை நம் சுகாதாரத் துறைக்கு இருந்தது.

இளம் வயதினர் நோயுற்றதைக் குடாநாட்டின் வரலாற்றோடு சேர்த்து யோசிக்கவேண்டும். 1984க்கும் 1990களின் பிற்பகுதிக்கும் இடையில் பிறந்தவர்களுக்கு அட்டவணைப்படி உரிய வயதில் கிடைத்திருக்கக்கூடியது ஒரே ஊசி. மின்சாரமில்லாத, இடம்பெயர்ந்துகொண்டிருந்த ஊரில் பிறந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஒன்றும் பலனோடு கிடைத்தது என்று எந்தத் தேசிய ஆய்வும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இன்று முப்பதுகளில் இருக்கிறார்கள். பலர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சூரிச்சிலும் குடும்பமாகிவிட்டார்கள். சின்னமுத்தை ஒழித்துவிட்டதாக இலங்கை 2019 ஜூலையில் சான்று பெற்றது. 2023இல் நோய் மீண்டும் பரவி 700க்கும் மேற்பட்டோரைத் தொட்டது. 2024 ஜனவரியில் ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு மேலதிக ஊசி போடத் தெரிவான ஒன்பது மாவட்டங்களில் யாழ்ப்பாணமும் ஒன்று. கனடாவோ 2025 நவம்பரில் சின்னமுத்து ஒழித்த நாடு என்ற தகுதியை இழந்தது. நல்லூர்த் திருவிழாவுக்கு உலகின் எத்தனையோ நகரங்களிலிருந்து உறவுகள் வந்து கூடும் மாவட்டத்துக்கு இந்தச் செய்தி தொலைதூரச் செய்தி அல்ல.

நம்பிக்கையைக் காக்கும் முறை

2008 ஜனவரியில் இலங்கை ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசியை அறிமுகப்படுத்தியது. மூன்று மாதங்களுக்குள் ஊசி பெற்ற நான்கு குழந்தைகள் இறந்ததாக அறிவிக்கப்பட்டது. அந்தத் தொகுதி மருந்து உடனே நிறுத்தப்பட்டது. 2009 ஏப்ரலில் இன்னொரு மரணம் நிகழ்ந்ததும் ஊசியே முழுமையாக நிறுத்தப்பட்டுப் பழைய ஊசிகள் திரும்பின. உள்நாட்டு, வெளிநாட்டு வல்லுநர்கள் ஒவ்வொரு மரணத்தையும் ஆராய்ந்தபின் 2010இல் அது மீண்டும் வந்தது. இந்த நிறுத்தம் தடுப்பூசிமீதான அச்சத்தை வளர்க்கும் என்று சிலர் எண்ணக்கூடும். நடந்தது வேறு. பிள்ளைக்கு ஏதும் நேர்ந்தால் அரசு மறைக்காது, விசாரிக்கும் என்று பெற்றோர் கண்டார்கள். ஊசிக்குப் பின்னான பாதக விளைவுகளை 1996 முதல் முறையாகப் பதிந்து வந்ததன் பலன் அது.

அந்த நம்பிக்கை தானாக நிலைக்காது. 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்துக் கொள்வனவு அம்பலமாகி, முன்னாள் சுகாதார அமைச்சர் 2024 பெப்ரவரியில் கைதானார். அது தடுப்பூசி விவகாரம் அல்ல. ஆனால் மருந்துக் குப்பியைக் கையில் பிடித்து நிற்கும் ஊழியரிடம் தாய் கேட்கும் கேள்விகள் அதனால் கூடும், கேட்பதும் நியாயம். சிறுமியருக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்க 2017இல் பாடசாலைகளில் வந்த எச்.பி.வி. ஊசிக்கு இந்த உரையாடல் இன்னும் அவசியம். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காக 2011இல் நாட்டின் தென்முனையிலிருந்து பருத்தித்துறைவரை பலர் நடந்து நிதி சேர்த்தார்கள். ஒரு புற்றுநோயை வருமுன்னே தடுக்கும் மருந்து இன்று ஆறாம் வகுப்பு அறைக்கே வருகிறது. அதைப் பற்றிப் பெற்றோரிடம் தமிழில், தயக்கமின்றி, விவரமாகப் பேசும் கடமை பாடசாலைக்கும் சுகாதாரத் துறைக்கும் உண்டு.

கிணற்றிலிருந்து வரும் நோய்

தடுப்பூசியின் எல்லையைக் குடாநாட்டுக்குக் காட்டித் தரும் நோய் நெருப்புக் காய்ச்சல். போருக்குப் பிந்திய ஆண்டுகளில் நாட்டில் இந்த நோய் மிகுதியாகப் பதிவான மாவட்டம் யாழ்ப்பாணம். இங்கே வற்றாத ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கித் தங்கும் நிலத்தடி நீரே குடிநீர். அந்த வெடிப்புகள் நீரை வடிகட்டாமலே கடத்துகின்றன. சிறிய காணிகளில் மலக்குழியும் கிணறும் நெருங்கியிருக்கும்போது ஒரு வீட்டுக் கழிவு அடுத்த வீட்டுக் கிணற்றுக்குப் போக வெகுநேரம் ஆகாது. உணவு கையாளுவோருக்கும் ஆபத்து மிக்க பிரிவினருக்கும் நெருப்புக் காய்ச்சல் தடுப்பூசி போடப்படுகிறது, அது தேவையானது. நீண்டகாலப் பாதுகாப்புத் தரும் புதிய ஊசியை உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்ததும், பாகிஸ்தான் 2019இல் அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தொடங்கியதும் கவனிக்கவேண்டியவை. எனினும் நெருப்புக் காய்ச்சலையும் செங்கமாரியையும் வயிற்றோட்டத்தையும் ஒருசேரத் தடுப்பது சுத்தமான தண்ணீர் ஒன்றே. 2024இல் திறக்கப்பட்ட தாளையடிக் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் நீர் எவ்வளவு வீடுகளை எட்டுகிறது என்பதும் தடுப்பூசிக் கொள்கையின் ஒரு பகுதியாகவே பார்க்கப்படவேண்டும்.

இனிச் செய்யவேண்டியவை

2021 மே 30இல் கொவிட்டுக்கான 50,000 சினோபாம் ஊசிகள் யாழ்ப்பாணத்தில் போடத் தொடங்கப்பட்டபோது, ஆறு இலட்சத்தை அண்டிய மக்கள்தொகைக்கு அது போதவில்லை. மக்கள் வரிசையில் நின்றார்கள். இந்த மண்ணில் ஊசிக்கு மறுப்பு அரிது. ஆகவே அச்சுறுத்திப் பணிய வைக்கும் கொள்கை இங்கே தேவையில்லை. எட்டாதவரைத் தேடிப் போகும் கொள்கையே தேவை.

அதற்கு முதல் நிபந்தனை குடும்பநல உத்தியோகத்தர் வெற்றிடங்களை நிரப்புவது. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு மருத்துவர்களும் தாதியரும் நாட்டைவிட்டு வெளியேறும் காலம் இது. ஒரு பகுதிக்கு நிரந்தர உத்தியோகத்தர் இல்லாமல் பக்கத்துப் பகுதியவர் கூடுதலாகப் பார்க்கும்போது கிளினிக் நடக்கும், ஊசியும் போடப்படும். வராத பிள்ளையைத் தேடிப் படலையடிக்குப் போக ஆள் இருக்காது. மாவட்டச் சராசரி அந்தக் குறையைக் காட்டாது. எனவே ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுக்கும், தீவகத்துக்கும் மீள்குடியேறிய வலிகாமம் வடக்குக் கிராமங்களுக்கும் தனித்தனியாகக் கணக்கு வெளிவரவேண்டும். 1959இல் அமைந்த தொற்றுநோயியல் பிரிவு வாரந்தோறும் வெளியிடும் அறிக்கை ஆங்கிலத்தில் வருகிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் மருத்துவத்தையே தமிழில் கற்பித்த குடாநாட்டில் தன் மாவட்டத்தின் நோய்க் கணக்கைத் தமிழில் படிக்கும் உரிமை மக்களுக்கு இருக்கவேண்டும்.

இரண்டாவது, போர்க்காலத்தில் பிறந்தோரின் தடுப்பாற்றலை அறிய முறையான இரத்த ஆய்வொன்று. 1978 முதல் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடமும் மாகாண சுகாதாரத் துறையும் சேர்ந்து செய்யத்தக்க வேலை அது. தேசிய ஆய்வுகள் விட்டுப்போன முப்பது ஆண்டுகளின் விடை அந்தத் தலைமுறையின் இரத்தத்தில்தான் இருக்கிறது. இடைவெளி தெரிந்தால் திருமணத்துக்கு முன்னும், மகப்பேற்றுத் திட்டமிடலின்போதும், வெளிநாட்டுப் பயணத்தின்போதும் விடுபட்ட ஊசியைப் போடலாம்.

இவை எதுவும் பெருஞ்செலவு கேட்பவை அல்ல. மின்சாரமும் எரிபொருளும் பாதுகாப்பும் இல்லாத ஆண்டுகளில் போலியோவை உள்ளே வரவிடாமல் வைத்திருந்த ஊர் இது. அன்று அதைச் சாதித்தது ஒரு பிள்ளைகூட விடுபடக்கூடாது என்ற ஒரே உறுதி. சமாதான காலத்தில் அந்த உறுதியைத் தளரவிட்டால் அதற்குப் போரைக் காரணம் சொல்ல முடியாது. பொறுப்பு முழுவதும் நம்முடையதாகவே இருக்கும்.